ஹூஸ்டனா, அட்லாண்டாவா? வீட்டு விலைக்குள் அடங்காத கணக்கு

அமெரிக்கா என்றதும் நியூயோர்க்கையும் லொஸ் ஏஞ்சல்ஸையும் மட்டும் நினைத்த காலம் மாறிவிட்டது. கடந்த பல தசாப்தங்களாக அந்நாட்டின் தென் மாநிலங்களை நோக்கியே மக்களும் முதலீடும் நகர்ந்து வருகின்றன. குளிர் குறைவு, வீட்டு விலை குறைவு, தொழில் வாய்ப்பு அதிகம் என்பன இதற்குக் காரணங்களாகும். இந்நகர்வினால் பெரிதும் வளர்ந்த நகரங்களுள் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனும் ஜோர்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவும் முக்கியமானவை. 2020ஆம் ஆண்டுச் சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி, சுற்றுப்புற நகரங்களையும் சேர்த்து ஹூஸ்டனில் சுமார் 71 இலட்சம் பேரும் அட்லாண்டாவில் சுமார் 61 இலட்சம் பேரும் வாழ்ந்தனர்.

தொழிலுக்காக அப்பக்கம் செல்லும் ஒரு குடும்பம் இவ்விரண்டில் எதைத் தெரிவு செய்வது? வீட்டு விலைகளை ஒப்பிட்டுப் பதில் சொல்வது எளிது. அண்மைய ஆண்டுகளில் அட்லாண்டாவை விட ஹூஸ்டனில் வீடு சற்று மலிவாகவே கிடைத்து வருகின்றது. ஆனால் வீட்டின் விலை வேறு. அவ்வீட்டில் முப்பது வருடம் வாழ்வதற்கான செலவு வேறு. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்வதற்கு இவ்விரு நகரங்களையும் விடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

உழைப்பும் வருமானமும்

1836இல் பஃபலோ பயூ என்னும் ஆற்றங்கரையில் இரு சகோதரர்கள் வாங்கி விற்ற காணியில் தோன்றியது ஹூஸ்டன். துறைமுகமும் எண்ணெயும் அதனை வளர்த்தன. அட்லாண்டாவோ 1837இல் ரயில் பாதையின் முடிவிடமாகத் தோன்றிய நகரம். இன்றும் அதன் பலம் போக்குவரத்துதான். அதன் விமான நிலையம் 1998 முதல் 2024 வரை, 2020ஆம் ஆண்டைத் தவிர, பயணிகள் எண்ணிக்கையில் உலகில் முதலிடத்தில் இருந்தது. கொகா கோலா, டெல்டா, ஹோம் டிப்போ, யூ.பீ.எஸ். ஆகிய கம்பனிகளின் தலைமையகங்கள் அந்நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் அமைந்துள்ளன.

ஒரே பொருளை நம்பியிருக்கும் நகருக்கு என்ன நடக்கும் என்பதை ஹூஸ்டன் 1980களில் கண்டது. எண்ணெய் விலை வீழ்ந்தபோது 1982க்கும் 1987க்கும் இடையில் அங்கு 200,000க்கும் அதிகமான தொழில்கள் இல்லாமற் போயின. கடனைக் கட்ட முடியாமல் வீடுகளைக் கைவிட்டுச் சென்றோர் பலர். 2001 டிசம்பரில் என்ரொன் நிறுவனம் வீழ்ந்தது இன்னொரு அடி. எனினும் அதன் பின்னர் நகரம் பாடம் கற்றுக்கொண்டது எனலாம். உலகின் மிகப் பெரிய மருத்துவ வளாகமாகக் கருதப்படும் டெக்சாஸ் மெடிக்கல் சென்டரில் மாத்திரம் 100,000க்கும் அதிகமானோர் பணியாற்றுகின்றனர். ஆயினும் எண்ணெய்த் துறையில் வேலை செய்து, அதே நகரில் வீடும் வாங்குபவர், சம்பளத்தையும் சொத்தையும் ஒரே கூடையில் வைக்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது.

வரியில்லாத மாநிலம் என்பது உண்மையா?

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. 2019இல் மக்கள் வாக்களித்து அதற்கு அரசியலமைப்பிலேயே தடை விதித்தனர். ஜோர்ஜியாவில் உண்டு, படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2025இல் அது 5.19 சதவீதமாக இருந்தது. இதை மட்டும் கேட்டவர் ஹூஸ்டனுக்கே பெட்டி கட்டுவார்.

ஆனால் பாடசாலைக்கும் வீதிக்கும் பொலிஸுக்கும் எங்கிருந்தாவது பணம் வரத்தான் வேண்டும். டெக்சாஸ் அதனை ஆதன வரி மூலம் பெருமளவில் அறவிடுகின்றது. ஹூஸ்டனில் இவ்வரி வீட்டுப் பெறுமதியில் சுமார் 2 சதவீதம். புதிய குடியிருப்புத் திட்டங்களில் குடிநீர், வடிகால் வசதிகளுக்காக முன்கூட்டியே பெறப்பட்ட கடனையும் வீட்டுக்காரர்களே தனி வரியாகச் செலுத்துவதால் அது 2.5 சதவீதத்தையும் தாண்டுவதுண்டு. அட்லாண்டாப் பகுதியில் பொதுவாக 1 சதவீதத்தை அண்டியே இருக்கும்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஆண்டு வருமானம் 100,000 டொலர், வீட்டின் பெறுமதி 300,000 டொலர் என வைத்துக்கொள்வோம். அட்லாண்டாவில் கணவன் மனைவிக்கான கழிவு போக மாநில வருமான வரி 4,000 டொலரளவில் வரும். ஆதன வரி 3,000 டொலர். மொத்தம் சுமார் 7,000 டொலர். ஹூஸ்டனின் புதிய குடியிருப்பொன்றில் 2.5 சதவீதப்படி 7,500 டொலர். சொந்த வீட்டில் வசிப்போருக்கான பாடசாலை வரிச் சலுகை 2023இல் 100,000 டொலராகவும் 2025இல் 140,000 டொலராகவும் உயர்த்தப்பட்டது. அதைக் கழித்தால் 6,000 டொலரளவில் வந்து நிற்கும். ஆக, வரியில்லாத மாநிலத்தின் அனுகூலம் ஆண்டுக்கு ஆயிரம் டொலரளவுக்குச் சுருங்கிவிடுகின்றது. அமெரிக்காவில் வீட்டுக் காப்புறுதிக் கட்டுப்பணம் மிக அதிகமான மாநிலங்களுள் டெக்சாஸும் ஒன்று என்பதால் அந்த ஆயிரமும் கையில் மிஞ்சும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. வருமான வரி உழைப்பவரின் நிலையை அறிந்த வரி. வேலை போனால் அதுவும் போய்விடும். ஆதன வரி அப்படியல்ல. சம்பளம் வந்தாலும் வராவிட்டாலும் வீட்டு வாசலுக்குச் சீட்டு வரும். எனவே அதிக சம்பளமும் சிறிய வீடும் உள்ளவருக்கு ஹூஸ்டன் இலாபம். வருமானம் ஏறி இறங்கும் சிறு வியாபாரிக்கு அட்லாண்டாவின் முறை ஆறுதல்.

தண்ணீர் வரும் வழி

எமது ஊர்களில் காணி பார்க்கச் செல்பவர் முதலில் கேட்பது, ‘மழைக்குத் தண்ணீர் நிற்குமா?’ என்பதைத்தான். ஹூஸ்டனில் இக்கேள்வியைக் கேட்காதவர்கள் பெரும் விலை கொடுத்தனர்.

கடல் மட்டத்திலிருந்து 50 அடியளவு உயரத்தில், தட்டையான களிமண் நிலத்தில் அமைந்த நகரம் அது. நிலப் பயன்பாட்டை வலயங்களாகப் பிரிக்கும் சட்டத்தை அதன் வாக்காளர்கள் 1948, 1962, 1993 ஆகிய மூன்று தடவைகளும் நிராகரித்தனர். இதனால் வீடுகள் வேகமாகக் கட்டப்பட்டன, விலையும் குறைந்தது. அதே வேகத்தில் மழைநீர் ஊறிய புல்வெளிகள் கொங்கிரீட் ஆயின. 1940களில் கட்டப்பட்ட அடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கங்களின் வெள்ள எல்லைக்குள்ளேயே ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன.

2017 ஓகஸ்டில் ஹார்வி சூறாவளி வந்தது. ஹூஸ்டன் நகரம் அமைந்துள்ள ஹரிஸ் கவுண்டியில் 150,000க்கும் அதிகமான வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மொத்தச் சேதம் சுமார் 125 பில்லியன் டொலர் என மதிப்பிடப்பட்டது. சாதாரண வீட்டுக் காப்புறுதி வெள்ளச் சேதத்தை ஈடுசெய்வதில்லை. அதற்குத் தனியான காப்புறுதி வேண்டும். வெள்ளம் புகுந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது இருக்கவில்லை. வங்கி கேட்கவில்லை, ஆகவே எடுக்கவில்லை என்பதே பலரின் நிலை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய வீட்டின் சுவர்களைப் பெயர்த்து வீதியோரம் குவித்துவிட்டு, அதே வீட்டுக்கான கடன் தவணையையும் அவர்கள் தொடர்ந்து செலுத்த நேர்ந்தது.

‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல்லே பலரை ஏமாற்றியது. நூறு ஆண்டுகளுக்கு ஒரு தடவைதான் வரும் என்பது அதன் பொருளல்ல. ஒவ்வோர் ஆண்டும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்புண்டு என்பதே பொருள். 30 ஆண்டு வீட்டுக் கடன் காலம் முழுவதற்கும் கணக்கிட்டால் அந்த வாய்ப்பு 26 சதவீதம். நான்கில் ஒன்று நட்டமடையும் எனத் தெரிந்தால் எந்த வியாபாரி பாதுகாப்பின்றி முதல் போடுவார்?

ஹார்விக்குப் பின் சில மாற்றங்கள் ஏற்பட்டன. 2018இல் ஹரிஸ் கவுண்டி மக்கள் 2.5 பில்லியன் டொலர் வெள்ளத் தடுப்புக் கடனுக்கு வாக்களித்தனர். வீட்டில் முன்பு வெள்ளம் புகுந்ததை விற்பவர் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என 2019இல் டெக்சாஸ் சட்டமியற்றியது. எனினும் மின்சாரம் இன்னும் கவலைக்குரியதே. 2021 பெப்ரவரிக் குளிரில் டெக்சாஸில் 45 இலட்சம் வரையான வீடுகளும் வர்த்தக நிலையங்களும் இருளில் மூழ்கின. 2024 ஜூலையில் பெரில் சூறாவளி ஹூஸ்டன் பகுதியில் 20 இலட்சத்துக்கும் அதிகமான பாவனையாளர்களின் மின்சாரத்தைத் துண்டித்தது.

சுமார் 1,000 அடி உயரத்திலுள்ள அட்லாண்டாவுக்குக் கடல் தூரம். 2009 செப்டெம்பரில் அங்கும் பெருவெள்ளம் வந்ததுண்டு. ஆனால் அதன் நீண்டகாலப் பிரச்சினை தண்ணீர்ப் பற்றாக்குறை. 2007 வறட்சியில் அதன் குடிநீர் ஆதாரமான லேனியர் ஏரி என்றுமில்லாதவாறு வற்றியது. ஆற்று நீருக்காக புளோரிடா தொடுத்த வழக்கில் 2021இல்தான் உச்ச நீதிமன்றம் ஜோர்ஜியாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

வீதியில் கழியும் ஆயுள்

அட்லாண்டாவாசிகள் செலுத்தும் இன்னொரு கட்டணம் நேரம். 1979இல் மார்ட்டா ரயில் ஓடத் தொடங்கியது. ஆனால் அயலிலுள்ள குவினெட் பிரதேச வாக்காளர்கள் பொதுப் போக்குவரத்து விரிவாக்கத்தை 1971, 1990, 2019, 2020, 2024 என ஐந்து தடவைகள் நிராகரித்துள்ளனர். எனவே மலிவான வீடு தேடித் தூரம் சென்றவர்கள் காரையே நம்பியுள்ளனர். 2014 ஜனவரியில் இரண்டு அங்குலப் பனிக்கே ஆயிரக்கணக்கானோர் நெடுஞ்சாலைகளில் இரவைக் கழித்தனர். ஹூஸ்டனும் இதற்கு விதிவிலக்கல்ல. அங்கு 2008இல் சில இடங்களில் இருபதுக்கும் மேற்பட்ட ஒழுங்கைகளாக விரிவாக்கப்பட்ட கேட்டி நெடுஞ்சாலையில் சில ஆண்டுகளிலேயே நெரிசல் திரும்பி வந்தது. இரு நகரங்களிலும் ஒரு குடும்பத்துக்கு இரண்டு கார்கள் ஆடம்பரமல்ல, அத்தியாவசியம்.

பிள்ளைகளின் முன்னேற்றம் பற்றியும் ஒரு சொல். ஹாவர்ட் பொருளியலாளர் ராஜ் செட்டியும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, அட்லாண்டாவில் வறுமையான ஐந்தில் ஒரு பங்கினரிடையே பிறந்த பிள்ளை, வசதியான ஐந்தில் ஒரு பங்குக்கு உயரும் வாய்ப்பு 4.5 சதவீதம் மட்டுமே. பெருநகரங்களின் பட்டியலில் அது ஏறக்குறைய அடிமட்டமாகும். ஹூஸ்டன் அதைவிட நல்ல நிலையில் இருந்தது. எனவே அட்லாண்டாவில் வீடு தேடுவோர் எந்தப் பாடசாலை எல்லைக்குள் அவ்வீடு உள்ளது என்பதை விலைக்கு முன்பே பார்ப்பது அவசியம்.

எதைத் தெரிவு செய்வது?

ஒரு நகரம் மலிவு, மற்றையது விலை கூடியது என்று ஒரே வரியில் முடிக்க இயலாது. இரண்டுமே பணம் கேட்கின்றன. வெவ்வேறு சீட்டில் கேட்கின்றன. அட்லாண்டா சம்பளத்திலும் பயண நேரத்திலும் மாதந்தோறும் சிறுகச் சிறுக எடுக்கிறது. ஹூஸ்டன் பல ஆண்டுகள் தாராளமாக விட்டுவிட்டு ஒரே இரவில் மொத்தமாகக் கேட்கக்கூடும். கையில் சேமிப்பும் முழுமையான காப்புறுதியும் உள்ளவர் ஹூஸ்டனின் அனுகூலத்தைத் துணிந்து பெறலாம். சேமிப்பு முழுவதையும் முற்பணமாகக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு குடிபுகுபவருக்கு, சிறுகச் சிறுக எடுக்கும் நகரமே பாதுகாப்பு.

ஹூஸ்டனுக்கே செல்வது என முடிவெடுத்தவர் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். முதலாவது, ஒரு வருடமாவது வாடகைக்கு இருந்து மழைக்காலத்தைப் பார்ப்பது. இரண்டாவது, வெள்ள வரைபடத்தையும் விற்பவரின் எழுத்து மூல அறிவித்தலையும் பார்க்காமல் ஒப்பமிடாதிருப்பது. மூன்றாவது, வங்கி கேட்காவிட்டாலும் வெள்ளக் காப்புறுதி எடுப்பது. அரசாங்க வெள்ளக் காப்புறுதி பொதுவாகப் பணம் கட்டி 30 நாட்களின் பின்னரே அமுலுக்கு வரும் என்பதால், சூறாவளிச் செய்தி வந்த பிறகு ஓடுவதில் பயனில்லை. கட்டடத்துக்கு அது தரும் உச்சத் தொகையும் 250,000 டொலர்தான். வீடு அதைவிடப் பெறுமதியானதாயின் மேலதிகக் காப்புறுதியையும் விசாரித்துக்கொள்வது நல்லது.