கிருஷ்ணகிரிக்கு வந்து போன ரெயில்

ஓசூரில் ரெயில் நிற்கிறது. ஆனால் மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரியில் ரெயில் நிலையமே இல்லை!

ஒரு காலத்தில் அங்கும் ரெயில் ஓடியது. அது ஏன் நின்றது?

பஞ்சம் போக்க வந்தது

பழைய சேலம் மாவட்டத்தில் மழை பொய்த்தால் பஞ்சம் வரும். வெளியூர் தானியத்தை உள்ளே கொண்டுவர வேண்டும். அதற்காக அன்றைய அரசாங்கம் சிறிய ரெயில் பாதைகளைப் போட்டது. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடிதான் அகலம்.

1905-ல் திருப்பத்தூர்-கிருஷ்ணகிரி பாதை. 1906-ல் மொரப்பூர்-தர்மபுரி பாதை. இது பின்னர் ஓசூர் வரை நீண்டது.

மக்களின் உயிர் காக்கப் போட்ட பாதைகள் இவை. ஆனாலும் கணக்குப் புத்தகம் சும்மா விடவில்லை. வரவு போதவில்லை. இரண்டாம் உலகப் போரும் வந்தது. 1940-களின் தொடக்கத்துக்குள் இரண்டு பாதைகளும் மூடப்பட்டன. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன.

சுதந்திரத்துக்குப் பிறகு தர்மபுரி, ஓசூர் வழியாக சேலம்-பெங்களூர் பாதை வந்தது. ஓசூருக்கு ரெயில் திரும்பக் கிடைத்தது. கிருஷ்ணகிரிக்குக் கிடைக்கவில்லை.

யார் கணக்குப் பார்ப்பது?

ரெயில்வே நம் எல்லோருடைய சொத்து. அதன் கணக்கைப் பாராளுமன்றம் பார்க்கிறது. 1924-ல் தொடங்கிய தனி ரெயில்வே பட்ஜெட், 2017-ல் பொது பட்ஜெட்டுடன் சேர்ந்தது.

செலவு சரிதானா என்று தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி ஆராய்கிறார். இதோ ஓர் உதாரணம்:

2017-18-ல் ரெயில்வே 100 ரூபாய் சம்பாதிக்க 98 ரூபாய் 44 காசு செலவழித்ததாகக் கணக்குக் காட்டியது. "மிச்சம் இருக்கிறதே" என்று தோன்றும். தணிக்கையில் உண்மை வெளிவந்தது. என்.டி.பி.சி., இர்கான் ஆகிய இரண்டு அரசு நிறுவனங்களிடம் வாங்கிய முன்பணமும் வரவில் சேர்ந்திருந்தது. அதைக் கழித்தால் செலவு 102 ரூபாய் 66 காசு! வரவை மிஞ்சிய செலவு.

டிக்கெட்டில் பாதி விலை

இதற்கு ஒரு காரணம் பயணிகள் கட்டணம். பயணச் செலவில் 57 சதவீதம்தான் கட்டணமாகக் கிடைக்கிறது என்று 2016 வாக்கில் டிக்கெட்டிலேயே அச்சிட்டார்கள். மீதியில் பெரும் பகுதியைச் சரக்கு ரெயில்தான் ஈடுகட்டுகிறது. கட்டணத்தை ஏற்றினால் ஏழைக்குக் கஷ்டம். ஏற்றாவிட்டால் ரெயில்வேக்கு நஷ்டம்.

புதிய பாதைக்கும் இதே பரீட்சைதான். போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 14 சதவீதம் திரும்ப வருமா என்று நெடுங்காலம் பார்த்து வந்தார்கள். ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை கேட்கும் மக்களுக்கும் இந்தக் கேள்விதான் குறுக்கே நின்றது.

இரண்டு கணக்கு

வரவு செலவு பார்க்காத வீடு உருப்படாது. ரெயில்வேக்கும் அது பொருந்தும். ஆனால் வீட்டில் பிள்ளையின் படிப்புச் செலவை யாராவது நஷ்டம் என்று எழுதுவார்களா?

விளைந்த மாங்காய் சந்தைக்குப் போவதும், தொழிலாளி குறைந்த செலவில் ஓசூர் ஆலைக்குப் போவதும் வரவுதான். அது ரெயில்வே பெட்டியில் விழாது. ஊரார் வீட்டில் விழும். அந்த வரவையும் கணக்கில் எழுதினால்தான் கணக்கு முழுமையாகும்.