சாக விட மறுத்த நர்சுகள்

மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில் நர்சு வேலை பார்த்தவள் அருணா ஷான்பாக். கர்நாடகப் பெண். வயது 25. ஒரு டாக்டருடன் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது.

1973 நவம்பர் 27-ந் தேதி. வேலை முடித்து உடை மாற்றப் போனாள். துப்புரவுத் தொழிலாளி ஒருவன் நாய்ச் சங்கிலியால் அவள் கழுத்தை இறுக்கிக் கொடுமை செய்தான். மூளைக்கு ரத்தம் போவது தடைப்பட்டது. உயிர் இருந்தது, நினைவு போய்விட்டது.

அன்று விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

இது வாழ்க்கையா?

பிங்கி விரானி என்ற எழுத்தாளர் 2009-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அருணாவுக்கு உணவு கொடுப்பதை நிறுத்தி, நிம்மதியாகச் சாக விடும்படி கேட்டார். இரக்கத்தால் கேட்டதுதான்.

நர்சுகள் ஒப்பவில்லை. ஊட்டியவர்கள், குளிப்பாட்டியவர்கள் அவர்கள். 1973-ல் பிறந்தே இராதவர்களும் அவர்களில் உண்டு. இத்தனை வருஷத்தில் அருணாவுக்கு ஒரு படுக்கைப் புண் வந்ததில்லை! வீட்டில் நோயாளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய காரியம் என்று.

2011 மார்ச் 7-ந் தேதி தீர்ப்பு வந்தது. அருணாவுக்காக முடிவு சொல்ல வேண்டியவர்கள் ஆஸ்பத்திரி ஊழியர்களே என்றது கோர்ட்டு. மனு தள்ளுபடி. ஆனால், மீள வழியே இல்லாதவர்களுக்கு ஐகோர்ட்டு அனுமதியுடன் சிகிச்சையை நிறுத்தலாம் என்று அதே தீர்ப்பு சொன்னது. விஷ ஊசிக்கு அனுமதி இல்லை.

2018-ல் இன்னொரு தீர்ப்பு. நினைவு தெளிவாக இருக்கும்போதே, பின்னால் இப்படி நேர்ந்தால் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் எழுதி வைக்கலாம். 25 வயதில் யார் எழுதி வைப்பார்கள்?

அதற்குள் அருணா போய்விட்டாள். 2015 மே 18-ந் தேதி, நிமோனியா கண்டு, அதே ஆஸ்பத்திரியில் இறந்தாள். நர்சுகள் கண்ணீர் விட்டு அழுதார்கள்.