ரிவர்ஸ்டன் மழை சொல்லும் உரக்கணக்கு: வீட்டு ஓர்க்கிட்டுக்கு எவ்வளவு போதும்?

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக இலுக்கும்புர நோக்கி ஏறும் வீதியில் இருக்கிறது ரிவர்ஸ்டன். நக்கிள்ஸ் மலைத்தொடரின் காற்று மிகுந்த இடங்களில் ஒன்று. மூடுபனியும் காற்றும் ஓயாமல் மோதுவதால் உச்சியை அண்டிய மரங்கள் குட்டையாகவே நிற்கின்றன. அவற்றின் கிளைகளில் பாசியோடு பாசியாக ஓர்க்கிட்டுகள் ஒட்டி வளர்கின்றன. அவற்றுக்கு மண்ணும் இல்லை, உரம் போடுவோரும் இல்லை. ஆனாலும் பூக்கின்றன.

வீட்டு முற்றத்தில் நாலைந்து டென்ட்ரோபியம் அல்லது வண்டா வைத்திருப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஓர்க்கிட் பட்டினியால் சாவது குறைவு. அதிக உரத்தாலும் அழுகலாலும் சாவதே அதிகம்.

மரத்தில் இருக்கும் செடி எதை உண்கிறது?

மரத்தில் ஒட்டி வளரும் ஓர்க்கிட் அந்த மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மரம் அதற்கு ஒரு தாங்கி மட்டுமே. மழைநீர் இலைகளிலும் பட்டையிலும் வழிந்து வரும்போது தூசி, பறவை எச்சம், உக்கிய இலை ஆகியவற்றின் சத்தைச் சிறிதளவு கரைத்துக்கொண்டு வருகிறது. ஓர்க்கிட் வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெண்ணிற உறை இருக்கிறது. அது அந்த நீரைச் சட்டென உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. காய்ந்திருக்கும்போது வெள்ளையாக இருக்கும் வேர், நனைந்ததும் பச்சையாக மாறுவதை வீட்டிலேயே பார்க்கலாம்.

ஆகவே அதன் உணவு மிக நீர்த்தது, ஆனால் அடிக்கடி கிடைப்பது. மாதத்துக்கொரு தரம் ஒரு கைப்பிடி உரம் போடுவது அதன் இயல்புக்கே மாறானது.

அளவு

நீரில் கரையும் உரப் பைக்கற்றில் மூன்று எண்கள் இருக்கும். முதலாவது நைத்திரசன், இரண்டாவது பொசுபரசு, மூன்றாவது பொற்றாசியம். 20-20-20 போன்ற சமநிலை உரம் ஒன்றே வீட்டுக்குப் போதும்.

பைக்கற்றில் எழுதியிருக்கும் அளவில் கால்பங்கு எடுங்கள். லீற்றருக்கு 2 கிராம் என்று இருந்தால் அரைக் கிராம். அதாவது தட்டையாக வழித்த ஒரு தேக்கரண்டி, சுமார் 5 கிராம், 10 லீற்றர் நீருக்கு. மிஞ்சும் கரைசலைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஊற்றலாம்.

• வாரம் ஒருமுறை, காலையில் ஊற்றுங்கள்.
• முதலில் வெறும் நீரால் வேரை நனைத்து, சற்றுப் பொறுத்து உரநீர் விடுங்கள். காய்ந்த வேரில் உரம் பட்டால் நுனி கருகும்.
• மாதம் ஒருமுறை சட்டியை வெறும் நீரால் நன்றாகக் கழுவி, படிந்த உப்பை வெளியேற்றுங்கள்.
• மாரியில் வெயில் குறைந்து வளர்ச்சி மந்தமாகும்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

யூரியாவைத் தவிர்ப்பது நல்லது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களே அதைப் பயிருக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றுகின்றன. கரித்துண்டும் ஓட்டுத்துண்டும் நிறைந்த சட்டியில் அவை குறைவு. மாட்டெருக் கரைசல் பாவிப்பவர்கள் நன்றாக வடிகட்டி, வெளிறிய தேநீர் நிறம் வரும்வரை நீர் சேர்க்க வேண்டும். கட்டியாக ஊற்றினால் வேரிடுக்கில் தங்கி அழுகலைக் கொண்டுவரும்.

வடக்கில் கூடுதல் கவனம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. பல இடங்களில் உவர்ப்பும் உண்டு. அந்த நீரில் உரத்தையும் கரைத்தால் உப்பு இரட்டிப்பாகிறது. கரித்துண்டில் வெள்ளைப் படிவும் வேர் நுனியில் கருமையும் தெரிந்தால் இதுவே காரணமாக இருக்கலாம். கூரையில் விழும் மழைநீரைப் பிடித்து வைத்தால் ஓர்க்கிட்டுக்கு அதைவிட நல்ல நீர் இல்லை. தென்னை மட்டைத் துண்டுகளிலும் உப்பு இருக்கும். சில நாட்கள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவிய பின்னரே பாவிக்க வேண்டும்.

இலை கரும்பச்சையாகித் துவண்டு, பூ வராமல் இருந்தால் இன்னும் உரம் போடாதீர்கள். அது பெரும்பாலும் வெளிச்சக் குறைவையோ நைத்திரசன் மிகையையோ காட்டுகிறது. சற்று மஞ்சள் கலந்த இளம்பச்சை இலையே நலமான செடியின் அடையாளம்.

கிராமுக்குக் கணக்குப் பார்த்தவர்கள்

உரத்தின் அருமை எமக்குப் புதிதல்ல. 1990களில் வடக்கில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்டிருந்த பொருட்களில் உரமும் இருந்தது. பின்னர் 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி நாடு முழுவதற்கும் நிறுத்தப்பட்டது. அந்த நவம்பரில் தடை நீங்கிய பின்னரும் விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. இன்று பூச்செடி விற்று ஒரு சிறு வருமானம் தேடும் குடும்பத்துக்கு, உரத்தில் மிச்சம் பிடிக்கும் பணமும் இலாபம்தான். ஓர்க்கிட் அந்தச் சிக்கனத்துக்கு இடம் தரும் பயிர்.

இன்னொரு செலவையும் தவிர்க்க வேண்டும். அதைக் காடு கொடுக்கிறது. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாகப் பட்டியலிட்ட மத்திய மலைநாட்டில் நக்கிள்ஸ் வனமும் அடங்கும். அங்கிருந்து செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம். பயனும் இல்லை. ஓர்க்கிட் விதையில் சேமித்த உணவு கிடையாது. காட்டில் அது முளைக்கக் குறிப்பிட்ட பூஞ்சையின் துணை வேண்டும். அப்படி முளைத்து, குளிரிலும் மூடுபனியிலும் வளர்ந்த செடியை வன்னி வெயிலுக்குக் கொண்டுவந்தால் எந்த உரமும் அதைக் காப்பாற்றாது. எமது வெப்பத்தைத் தாங்கும் டென்ட்ரோபியம், வண்டா வகைகள் இழைய வளர்ப்புக் கன்றுகளாகவே நாற்றுமேடைகளில் கிடைக்கின்றன.

ரிவர்ஸ்டனில் இருந்து எடுத்துவர வேண்டியது செடியை அல்ல, அந்த மழையின் கணக்கை: கொஞ்சமாக, நீர்த்து, தவறாமல்.