மனதுக்கும் முதலுதவி

பனைமரத்திலிருந்து ஒருவர் விழுந்துவிட்டார். கால் முறிந்துவிட்டது. உடனே நாலு பேர் ஓடி வருவார்கள். மட்டை வைத்துக் கட்டுவார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவார்கள். இதுதான் முதலுதவி.

மனம் உடைந்து ஒருவர் மூலையில் கிடக்கிறார். சாப்பாடு இல்லை. தூக்கம் இல்லை. அவரிடம் யார் ஓடி வருகிறார்கள்? 'காத்து கருப்பு அடித்திருக்கும்' என்று ஒதுங்கிப் போவார்கள்.

மனதுக்கும் முதலுதவி உண்டு. 2000-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியா நாட்டில் இதற்கான பயிற்சி தொடங்கியது. தொடங்கியவர் பெட்டி கிச்சனர் என்ற நர்ஸ். அவரே மனச்சோர்வால் அவதிப்பட்டவர். கணவர் டோனி ஜார்ம் துணை நின்றார்.

அந்த நாட்டின் பழங்குடி மக்களிடம் இதை அப்படியே கொண்டு போக முடியாது. காரணம் உண்டு. வெள்ளையர் அவர்களுடைய நிலத்தைப் பறித்தார்கள். 1960-களிலும்கூட அதிகாரிகள் வந்து பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டு போனார்கள். 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் இதற்காக மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் காயம் லேசில் ஆறுமா? வெளியாள் போய் 'உன் மனதில் என்ன?' என்று கேட்டால் வாய் திறப்பார்களா?

ஆகவே, 2007 வாக்கில் அவர்களுக்கென்று தனிப் பயிற்சி வந்தது. சொல்லிக் கொடுப்பவரும் அதே மக்களில் ஒருவர். அவர்களில் பலரிடம் ஒரு வழக்கம் உண்டு. எதிரில் இருப்பவரைக் கண்ணுக்குக் கண் பார்த்துப் பேச மாட்டார்கள். அது மரியாதைக் குறைவு. இது தெரியாதவர், தலை குனிந்திருப்பவரை நோயாளி என்றே நினைத்துவிடுவார்.

பயிற்சி பெற்றவர் என்ன செய்வார்? பக்கத்தில் உட்காருவார். குறை சொல்லாமல் கேட்பார். பேச்சே இல்லாமல் இருந்தாலும் பொறுத்திருப்பார். 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என்று நேராகவே கேட்பார். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி வராது. சொல்ல ஓர் ஆள் கிடைத்ததே என்று ஆறுதல்தான் வரும். 'ஆம்' என்றால் அவரைத் தனியே விட மாட்டார்.

முதலுதவி செய்பவர் வைத்தியர் அல்ல. மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். பழங்குடியினரே நடத்தும் மருத்துவ நிலையங்களும் அங்கே உண்டு. சிட்னி நகரில் 1971-லேயே அப்படி ஒன்றைத் தொடங்கினார்கள்.

இந்தியாவில் இப்படித் தவிப்பவருக்காக அரசு ஒரு தொலைபேசிச் சேவை நடத்துகிறது. பெயர் டெலி மானஸ். 2022-இல் தொடங்கியது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.