யாரு பேசறது? எங்க இருக்கே?

"ஹலோ, யாரு பேசறது?" ஒரு காலத்தில் டெலிபோனில் முதல் கேள்வி இதுதான். இன்றைக்கு முதல் கேள்வி, "எங்கப்பா இருக்கே?" லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்கு நாம் வந்து சேர்ந்த கதை இந்த இரண்டு கேள்விக்குள் அடக்கம் என்பேன்.

அந்தக் காலத்து நம்பர் வீட்டுக்குச் சொந்தம். அப்பா எடுப்பார், பாட்டி எடுப்பாள். சொந்தமாக போன் இல்லாதவர்கள் எதிர் வீட்டு நம்பரை விசிட்டிங் கார்டில் போட்டு, பக்கத்தில் 'பி.பி.' என்று பவ்யமாக அச்சடித்துக்கொண்டார்கள். விண்ணப்பம் போட்டுவிட்டு இணைப்புக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம். (காதலிக்கு போன் செய்தால் அவள் அப்பா எடுக்கும் ஆபத்து தனி!)

1995 ஜூலை 31-ம் தேதி, மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு அதுதான். ஆரம்பத்தில் நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை ஆயிற்று. கூப்பிட்டவருக்கு மட்டுமல்ல, எடுத்தவருக்கும் பில்! "ராங் நம்பர் சார்" என்று சொல்லக்கூடக் காசு. 2003-ல் வருகிற கால்கள் இலவசமாயின. 2004-ல் எண்ணிக்கையில் லேண்ட்லைனை செல்போன் முந்திவிட்டது.

லேண்ட்லைனில் எக்ஸ்சேஞ்ச் உங்களைத் தேடவேண்டியதில்லை. ஒயர் போய் முடிகிற இடம்தான் உங்கள் வீடு. செல்போனுக்கு ஒயர் கிடையாதே! ஊரைச் சின்னச் சின்ன 'செல்'களாகப் பிரித்து டவர் வைத்திருக்கிறார்கள். நீங்கள் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு கால் வருகிறது. எந்த டவரிலிருந்து மணியடிப்பது? ஒவ்வொரு காலுக்கும் நாட்டிலுள்ள அத்தனை டவரும் உங்களைக் கூவிக் கூப்பிட்டால் தாங்காது. அதனால் சும்மா சட்டைப்பையில் கிடக்கிறபோதும் உங்கள் போன் அவ்வப்போது, "ஐயா, நான் இந்தப் பக்கம் இருக்கேன்" என்று நெட்வொர்க்குக்கு அட்டெண்டன்ஸ் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. ஜி.எஸ்.எம். முறையில் அதைக் குறித்துவைக்கும் இடத்துக்குப் பெயரே 'ஹோம் லொகேஷன் ரெஜிஸ்டர்'. ஆபீஸ் ரெஜிஸ்டரிலாவது லீவு போடலாம்!

2022 அக்டோபரில் இந்தியாவுக்கு 5ஜி வந்தது. நெரிசலான இடங்களில் செல்களை இன்னும் சின்னதாக்குகிறார்கள். செல் சின்னதாக ஆக, நீங்கள் இருக்கும் இடம் இன்னும் துல்லியமாகத் தெரியும்.

ஆக, எங்கே போனாலும் நமக்கு போன் வரவேண்டுமென்றால், எங்கே போகிறோம் என்பது யாருக்காவது தெரிந்தே ஆகவேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வேண்டாமென்று சொல்ல முடியாது.

இதில் லாபமில்லை என்று நான் சொல்லமாட்டேன். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும், ஆட்டோ டிரைவருக்கும் மாறாத ஒரு விலாசம் கிடைத்தது செல்போனால்தான். வீடு உள்ளவனுக்கு மட்டும் இருந்த நம்பர் எல்லோருக்கும் வந்தது.

நஷ்டம் நம்மைப் போன்ற ஆபீஸ் ஜீவன்களுக்கு. முன்பெல்லாம் ஆறு மணிக்கு சீட்டை விட்டு எழுந்தால் ஆபீஸ் போன் மேஜையிலேயே கிடக்கும். இப்போது ராத்திரி பத்து மணிக்கு, தட்டில் கை வைக்கிறபோது, "ஒரு சின்ன விஷயம்..." என்று மேனேஜர் வருகிறார். பிரான்சில் 2017 முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனிகள் வேலை நேரத்துக்குப் பிறகு ஊழியரைத் தொந்தரவு செய்வது பற்றி அவர்கள் தரப்போடு பேச்சுவார்த்தை நடத்தவேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

இங்கே நமக்கு நாமேதான் சட்டம். டவருக்கு அட்டெண்டன்ஸ் கொடுப்பது போனின் தலையெழுத்து. மேனேஜருக்கும் ராத்திரியில் கொடுக்கவேண்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. ஒன்பது மணிக்கு மேல் நான் சுவிட்ச் ஆஃப். அவசரத்துக்கு வீட்டில் பழைய லேண்ட்லைன் இன்னும் இருக்கிறது.

ஆபீஸ் ரெக்கார்டில் மட்டும் அந்த நம்பர் கிடையாது!