முதல் வேலை: பெரிய கம்பெனியா, சின்ன கம்பெனியா?

இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். கல்வராயன் மலை, வெள்ளிமலைப் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. ஃபைனல் இயர். கையில ரெண்டு ஆஃபர். ஒண்ணு, எல்லாருக்கும் பேர் தெரிஞ்ச பெரிய ஐ.டி. கம்பெனி, ஜாயினிங் தேதி மட்டும் பின்னர் அறிவிக்கப்படுமாம். இன்னொண்ணு, சென்னையில 25 பேர் வேலை பார்க்குற ப்ராடக்ட் கம்பெனி, ஜூலையில சேரணும். "அண்ணா, வீட்ல பெரிய கம்பெனிதான் சேஃப்னு சொல்றாங்க. கல்விக்கடன் வேற இருக்கு"ன்னாங்க.

நானும் கள்ளக்குறிச்சிக்காரன்தான். அந்த "சேஃப்" எனக்குப் புரியுது. பெரிய கம்பெனி பேரைச் சொல்லிட்டா கல்யாண வீட்டுல அடுத்த கேள்வி வராது. ஆனா கடன் இருக்குறவங்களுக்கு முதல் சம்பளம் எந்த மாசம் வருதுங்கறதுதான் பெரிய விஷயம். கல்விக்கடன்ல பொதுவா படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும்தான் தவணைக்கு அவகாசம். வட்டி அப்பவும் ஏறிக்கிட்டே இருக்கும். இன்ஃபோசிஸ்ல 2022-ல ஆஃபர் வாங்கினவங்கள்ல நிறைய பேர் 2024 வரைக்கும், ரெண்டு வருஷத்துக்கு மேல காத்திருந்தாங்க. கணக்கைப் போட்டுப் பாருங்க.

சின்ன கம்பெனி மட்டும் சேஃபான்னா, இல்லை. சென்னையில 2010-ல ஆரம்பிச்ச ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பர்ல நாஸ்டாக் போனப்போ, பங்கு வச்சிருந்த 500-க்கு மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரங்க ஆனாங்க. அதே கம்பெனி 2024 நவம்பர்ல 13 சதவீதம் பேரை அனுப்பிச்சு. கூகுளே 2023 ஜனவரியில 12,000 பேரைக் குறைக்கறதா அறிவிச்சது. அதனால ஆஃபர்ல "இசாப்" எவ்வளவு பெருசா எழுதியிருந்தாலும், முதல் வேலைக்கு அதைப் பூஜ்யம்னே வச்சுக்கங்க. பெரும்பாலும் முதல் வருஷம் முடியறதுக்குள்ள கிளம்பினா ஒரு பங்கும் கைக்கு வராது.

என் கதை இது: முதல்ல ஒரு பெரிய கம்பெனி, எட்டு மாசம் பெஞ்ச். சம்பளம் கரெக்டா வந்துச்சு, ஒரு வரி கோடுகூட வெளிய போகலை. அப்புறம் சின்ன கம்பெனி. மூணாவது வாரமே நான் போட்ட மாற்றத்தால ராத்திரி பதினோரு மணிக்கு பேமென்ட் பேஜ் விழுந்துடுச்சு. சீனியர் திட்டலை. கூட உட்கார்ந்து லாக் எப்படிப் படிக்கணும்னு காட்டினார். அந்த ஒரு ராத்திரியில கத்துக்கிட்டது எட்டு மாசத்துல கத்துக்கலை.

அந்த சீனியர் இல்லாத 25 பேர் கம்பெனின்னா நான் போயிருக்கவே மாட்டேன். அதனால தங்கச்சி, அவங்ககிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க: என் கோடை யார் ரிவ்யூ பண்ணுவாங்க? காசு கொடுக்குற கஸ்டமர் எத்தனை பேர்? ரெண்டுக்கும் நேரா பதில் வந்தா ஜூலையில சென்னைக்கு பஸ் ஏறுங்க. பாண்டுன்னு சொல்லி ஒரிஜினல் மார்க்‌ஷீட் கேட்டா மட்டும் கொடுக்காதீங்க.

பெரிய கம்பெனி ஹெச்.ஆருக்கும் இன்னைக்கே ஒரு மெயில் போடுங்க, எந்த மாசம் சேரணும்னு. பதில் வந்தா எனக்கும் சொல்லுங்க.