எழுபத்தாறு எண்களில் ஒரு பவர் பட்டன்

2000ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ வீட்டில் ஹோம் தியேட்டர் அமைத்தவரின் டீப்பாயில் ரிமோட்டுகள் குவிந்து கிடக்கும். டிவி, ஆடியோ ரிசீவர், டிவிடி, விசிஆர், கேபிள் பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் தனி ரிமோட். காசு இருந்தால் புரொஜெக்டருக்கும் இறங்கும் திரைக்கும் சேர்த்து இன்னும் இரண்டு. ஒரு படம் போட ஏழெட்டு பட்டன்களை வரிசை தப்பாமல் அழுத்த வேண்டும். அந்த வரிசை பெரும்பாலும் வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும்.

இதற்குத் தீர்வாக 1998இல் பிலிப்ஸ் நிறுவனம் ப்ராண்டோ என்ற தொடுதிரை ரிமோட்டைக் கொண்டுவந்தது. கறுப்பு வெள்ளைத் திரை, கைக்கு அடங்காத உடம்பு. கம்ப்யூட்டரில் இணைத்து நம் விருப்பப்படி பட்டன்களை வரைந்துகொள்ளலாம். எதிரே இன்னொரு ரிமோட்டைப் பிடித்து அழுத்தினால் அதன் அகச்சிவப்பு (ஐஆர்) ஒளித் துடிப்புகளைப் பதிந்துகொள்ளும். கற்றுக்கொள்ளும் ரிமோட் என்பது அப்போது புதிதல்ல. ஆப்பிளின் ஸ்டீவ் வோஸ்னியாக் 1987லேயே கோர் என்ற பெயரில் ஒன்றை விற்றுப் பார்த்தார், வியாபாரம் ஆகவில்லை. ப்ராண்டோ செய்த புதுமை வேறு. பதிந்த குறியீட்டை எழுத்தாகக் காட்டியது. பார்க்கலாம், காப்பி செய்யலாம், இன்னொருவருக்கு அனுப்பலாம்.

அந்த எழுத்து எப்படி இருக்கும்? எல்.ஜி. டிவியின் பவர் பட்டனை எடுத்துக்கொள்வோம். ப்ராண்டோ வடிவத்தில் அது நான்கு இலக்கப் பதினறும எண்கள் 76 கொண்ட வரிசை. முதல் எண் 0000, அதாவது இது பதிவு செய்த குறியீடு. இரண்டாவது எண் ஒளி மினுங்கும் அதிர்வெண்ணைச் சொல்கிறது. அதன் பதின்ம மதிப்பு 109. ப்ராண்டோவின் அடிப்படைக் கடிகாரமான 41,45,146 ஹெர்ட்ஸை 109ஆல் வகுத்தால் ஏறக்குறைய 38,029 கிடைக்கும். 38 கிலோஹெர்ட்ஸ் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். மூன்றாவது எண் 0022, பதின்மத்தில் 34. ஒருமுறை அனுப்ப வேண்டிய துடிப்பு-இடைவெளி இணைகள் அத்தனை. நான்காவது 0002, பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டிய இணைகள். அதன்பின் எல்லாமே ஒளி இருக்கும் நேரமும் இல்லாத நேரமும்தான், அலைகளின் எண்ணிக்கையில். ஐந்தாவது எண்ணான 0157 பதின்மத்தில் 343. 38 கிலோஹெர்ட்ஸில் 343 அலை என்றால் 9 மில்லிவிநாடி. ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம் வகுத்த நெறியில் (புரோட்டோகால்) ஒவ்வொரு குறியீடும் இந்த 9 மில்லிவிநாடித் துடிப்போடும் 4.5 மில்லிவிநாடி மௌனத்தோடும்தான் தொடங்கும். அதன்பிறகு 32 பிட். குட்டி இடைவெளி பூஜ்யம், நீண்ட இடைவெளி ஒன்று.

இத்தனை நீட்டி முழக்கினாலும் இதன் உள்ளே இருக்கும் சேதி இரண்டே எண்தான்: சாதனம் 4, கட்டளை 8. தவறு நேராமலிருக்க இரண்டின் தலைகீழ்ப் பிரதிகளும் கூடவே போகின்றன, அவ்வளவே.

இந்த இரு வகை எழுத்துக்கும் உள்ள தூரம்தான் அன்றைய வடிவமாற்றத்தின் முழுக் கதை. துடிப்புகளை அப்படியே பதிந்த குறியீடு கிளிப்பிள்ளை மாதிரி, கேட்டதைத் திருப்பிச் சொல்லும், பொருள் தெரியாது. ‘என்.இ.சி., 4, 8’ என்று எழுதி வைத்தால் பொருள் தெரியும், எந்தக் கருவிக்கும் புதிதாகச் செய்து கொடுக்கலாம். அன்றைய ஆர்வலர்கள் முதல் வகையிலிருந்து இரண்டாவதை மீட்டெடுக்கும் வேலையைத்தான் ராத்திரி பகலாகச் செய்தார்கள். வேறு வழியும் இல்லை. யூனிவர்சல் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் மலிவு ரிமோட்டுகளில் பேட்டரி மூடிக்குள் ஆறு ஊசிகள் கொண்ட இணைப்பு ஒன்று இருந்தது. சர்க்யூட் பலகையில் அதற்கு ஜேபி1 என்று பெயர். பேரலல் போர்ட்டிலிருந்து ஒரு கேபிள் செய்து அதில் செருகி, உள்ளே இருந்த சிறு நினைவகத்தைப் படித்தார்கள், திருத்தி எழுதினார்கள். அந்த நினைவகத்தில் பட்டனுக்கு 76 எண்கள் என்று வைக்க இடமே கிடையாது. ஆகவே ப்ராண்டோக்காரர் அனுப்பிய குறியீட்டைப் பிரித்து, நெறியைக் கண்டுபிடித்து, சாதன எண்ணையும் கட்டளை எண்ணையும் எடுத்தாக வேண்டும். அதற்கென்று எக்செல் தாள்கள் எழுதினார்கள், சிறு சிறு நிரல்கள் எழுதினார்கள். லினக்ஸ் பக்கம் லிர்க் என்ற மென்பொருள் இருந்தது. அது துடிப்பை மைக்ரோவிநாடியில் எழுதும்.

ஒரே 9 மில்லிவிநாடியைப் பாருங்கள். ப்ராண்டோவில் அது 0157. லிர்க்கில் 9000. வீட்டுத் தானியக்கத்துக்கான குளோபல் கேஷே பெட்டிகளில் 343. பின்னாளில் வந்த ப்ராட்லிங்க் கருவியில், ஏறத்தாழ 30 மைக்ரோவிநாடித் துண்டுகளாக எண்ணி, 00 01 28. நான்கும் ஒன்றே. கணக்குத் தெரிந்தால் ஒன்றை மற்றொன்றாக்க வகுத்தலும் பெருக்கலும் போதும்.

கணக்கோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என்.இ.சி. நெறியில் கடைசி பிட்தான் முதலில் புறப்படும். 4 என்பது எட்டு பிட்டில் 00000100. ரிமோட்டிலிருந்து கிளம்பும்போது, கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி, அது 00100000 என்ற வரிசையில் போகிறது. வந்தபடியே இடமிருந்து வலமாக எழுதிக்கொண்டால் 32 ஆகிவிடும். அதேபோல் 8 என்பது 16. ஜேபி1 ஆட்கள் ‘4, 8’ என்பார்கள். லிர்க் கோப்புகளில் 32உம் 16உம் இருக்கும். இரண்டும் சரிதான், ஆனால் ஒன்றை மற்றொன்றில் அப்படியே போட்டால் டிவி திரும்பிக்கூடப் பார்க்காது. இந்தச் சண்டை தீர்ந்தபாடில்லை. ஆர்டுய்னோ என்ற சிறு மின்னணுப் பலகைக்கு கென் ஷிரிஃப் எழுதிய ஐஆர் ரிமோட் நூலகம் பல ஆண்டுகள் வந்தபடியே படித்தது. மூன்றாம் பதிப்பில் வரிசையை மாற்றிவிட்டார்கள். பழைய ப்ரோகிராமில் இருந்த எண்ணைப் புதியதில் ஒட்டிவிட்டு எல்.ஈ.டி.யைக் கழற்றிக் கழற்றிப் பார்க்கிறவர்கள் இன்றும் உண்டு.

நெறிக்கு நெறி வேறு சிக்கல்கள். பிலிப்ஸின் ஆர்.சி.5இல் பட்டனை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு பிட் மாறும். விட்டு விட்டு அழுத்தியதா, பிடித்துக்கொண்டே இருந்ததா என்பதைப் பெட்டி அதை வைத்துத்தான் அறியும். பதிந்த குறியீட்டில் அந்தப் பிட் உறைந்து போயிருக்கும். விளைவு, சேனல் 11க்கு ஒன்றை இருமுறை அழுத்தினால் ஒருமுறைதான் விழும். ப்ராண்டோவே இதற்காக 5000 என்று தொடங்கும் தனிச் சுருக்கெழுத்தை வைத்திருந்தது. சோனி தன் குறியீட்டைக் குறைந்தது மூன்று முறை அனுப்பச் சொல்கிறது. மாற்றித் தந்த குறியீடு பிட்டுக்குப் பிட் சரியாக இருந்தும் ஒரே முறை போனால் டிவி அசையாது. டென்மார்க்கின் பாங்க் அண்ட் ஓலுஃப்சென் 455 கிலோஹெர்ட்ஸில் பேசியது. 38 கிலோஹெர்ட்ஸை எதிர்பார்க்கும் சாதாரணக் கற்றுக்கொள்ளும் ரிமோட்டுகளுக்கு அது காதிலேயே விழாது.

இவ்வளவு மெனக்கெடுவானேன் என்று கேட்கலாம். தனி ஆன், தனி ஆஃப் குறியீடுகளுக்காகத்தான். ‘படம் பார்’ என்று ஒரே பட்டன் வைத்து, அது டிவி, ரிசீவர், பிளேயர் மூன்றுக்கும் பவர் அனுப்புமாறு செய்திருப்பார் நம்மவர். யாரோ ஏற்கெனவே டிவியைப் போட்டிருந்தால்? மற்ற இரண்டும் உயிர் பெறும், டிவி அணைந்துவிடும். கம்பெனி தந்த ரிமோட்டில் ஒரே பவர் பட்டன்தான், அதுவே போடும், அதுவே அணைக்கும். ஆனால் டிவிக்குள் இருக்கும் மென்பொருளுக்கு, ரிமோட்டில் பட்டனே இல்லாத கட்டளைகளும் தெரியும். கிளிப்பிள்ளைப் பதிவால் அவற்றை எட்ட முடியாது. பதிவதற்குத்தான் பட்டனே இல்லையே. நெறியைப் புரிந்தவருக்கோ வழி இருந்தது. சாதன எண் 4ஐ அப்படியே வைத்து, கட்டளையை 0 முதல் 255 வரை தயாரித்து ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்க்கலாம். ஐந்து விநாடி இடைவெளி விட்டாலும் 22 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அப்படிப்பட்ட தேடல்களில்தான் எல்.ஜி. டிவிகளுக்கு 196 ஆன், 197 ஆஃப் என்பது போன்ற எண்கள் ஊரறிந்தவை ஆயின. சர்வீஸ் மெனுவைத் திறக்கும் கட்டளைகளும் அதே 256க்குள் ஒளிந்திருக்கும். ஆகவே கை வைக்கிறவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாக வேண்டும். ஹோம் தியேட்டர் உலகில் நிஜமாகவே பயன் தந்த கண்டுபிடிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். ஆறாவது ஏழாவது ஸ்பீக்கரை அல்ல.

பிறகு சௌகரியம் வந்தது. கனடாவில் இன்ட்ரீக் என்ற சிறு நிறுவனம் உருவாக்கிய ஹார்மனி ரிமோட்டை 2004இல் லாஜிடெக் வாங்கியது. உங்கள் டிவி மாடல், ரிசீவர் மாடல் இரண்டையும் இணையத்தில் சொன்னால் போதும். குறியீடுகள் அதன் சர்வரிலிருந்து இறங்கி ரிமோட்டில் உட்கார்ந்துகொள்ளும். பதினறும எண் தெரிய வேண்டாம், 38 கிலோஹெர்ட்ஸ் தெரிய வேண்டாம். வீட்டில் எல்லோராலும் படம் போட முடிந்தது. இதைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் அந்தத் தரவுத்தளத்தில் இருந்த எண்களை நிறுவனம் உங்களுக்குக் காட்டவில்லை. ரிமோட் உங்களுடையது, குறியீடு அவர்களுடையது. 2021 ஏப்ரலில் ஹார்மனி தயாரிப்பை நிறுத்துவதாக லாஜிடெக் அறிவித்தது, சேவை தொடரும் என்றும் சொன்னது. தொடர்கிறவரை சரி.

பிலிப்ஸும் 2010இல் ப்ராண்டோ தொழிலை விட்டுவிட்டது. ஆனால் அந்த 0000 என்று தொடங்கும் வரிசை சாகவில்லை. இன்றும் வீட்டுத் தானியக்க நிறுவனங்களின் கையேடுகளில் அது நிற்கிறது. புதிதாக வரும் கருவிகளும் அதை வாங்கிக்கொள்கின்றன. யாரும் குழு போட்டு அதைத் தரமாக அறிவிக்கவில்லை. வெறும் எழுத்தாக எங்கும் ஒட்டி அனுப்பலாம் என்ற ஒரே காரணத்தால் அது பொது மொழியானது.

இன்றைய மாற்றும் வேலை விநாடிக் கணக்கு. பெங்ட் மார்டென்சன் எழுதிய ஐஆர் ஸ்க்ரூடினைசர் என்ற இலவச மென்பொருளில் ஒரு ப்ராண்டோ வரிசையை ஒட்டினால் நெறி, சாதனம், கட்டளை மூன்றையும் சொல்லிவிடும். வேண்டிய வடிவத்தில் வெளியே தரும். ஃபிளிப்பர் ஸீரோ என்ற பொம்மை போன்ற கருவி எல்.ஜி. பவரைப் பதிந்ததும் என்.இ.சி., முகவரி 04, கட்டளை 08 என்று நேராகவே கோப்பில் எழுதுகிறது. அன்று ஆர்வலர்கள் தாள் தாளாகப் போட்ட கணக்கு உள்ளங்கையில் நடக்கிறது. மறுபக்கம், வைஃபையில் இயங்கும் மலிவான ஐஆர் பெட்டிகள் பெரும்பாலும் கிளிப்பிள்ளைகளே. ப்ராட்லிங்க் துடிப்புகளைப் பதிந்து, புரியாத நீண்ட எழுத்துச் சரமாக்கித் தருகிறது. டூயாவின் சில பெட்டிகள் அதை இன்னும் சுருக்கி அடைத்து வைக்கின்றன. இருபது ஆண்டுகளில் வடிவங்கள் பெருகின. வாங்குகிறவர்களில் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கிறவர்கள்தான் குறைந்தார்கள்.

எச்டிஎம்ஐ கேபிள் வழியே சாதனங்கள் ஒன்றையொன்று எழுப்பும் வசதி வந்தபின் அகச்சிவப்புக்கு வேலை இருக்காது என்றார்கள். இருக்கிறது. ஃபயர் டிவி ரிமோட் தன் குச்சியோடு ப்ளூடூத்தில் பேசினாலும், டிவியின் பவருக்கும் ஒலியளவுக்கும் அகச்சிவப்பையும் பயன்படுத்துகிறது. நம் ஊர் கேபிள், டிடிஎச் ரிமோட்டுகள் பலவற்றின் மூலையில், டிவி ரிமோட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நாலைந்து பட்டன்கள் உண்டு. சிவப்பு விளக்கு மின்ன, இரண்டு ரிமோட்டையும் மூக்கோடு மூக்கு வைத்துப் பதிய வைக்கும் கேபிள்காரர் செய்வது ப்ராண்டோ செய்த அதே வேலை.

உங்கள் வீட்டில் நல்ல பழைய ஆம்ப்ளிஃபயரோ புரொஜெக்டரோ இருந்தால், அதன் ரிமோட் உயிரோடு இருக்கும்போதே ஒரு காரியம் செய்யுங்கள். சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் மூன்று கால் ஐஆர் ரிசீவரும் ஓர் ஆர்டுய்னோவும் போதும். ஒவ்வொரு பட்டனுக்கும் நெறியின் பெயர், சாதன எண், கட்டளை எண் மூன்றையும் பதிந்து, ஒரு தாளில் அச்சிட்டு அந்தப் பெட்டியின் பின்புறம் ஒட்டி வையுங்கள். எண்கள் எந்த பிட் வரிசையில் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.